மூலநிரல் குறிப்புரைகளில் எழுத்துப்பிழைத் திருத்தம்

கணினி நிரல்களுக்குள், மனிதர்கள் படிப்பதற்காக நிரலாளர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளில் உள்ள சொற்பிழைகளைக் கண்டறிந்து நீக்கும் பணியே மூலநிரல் குறிப்புரைகளின் எழுத்துப்பிழைத் திருத்தம் ஆகும். மென்பொருள் பணிகளுள் மிகச் சிறியதாகக் கருதப்படும் இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒரு பிழை குறிப்புரைக்குள் இருக்கும்வரை அதை எவரும் எளிதில் திருத்தலாம். அதே பிழை ஒரு பெயராக மாறி, பிற கணினிகள் அதை நம்பத் தொடங்கிவிட்டால் திருத்துவது ஏறத்தாழ இயலாது. இவ்வரலாறு காட்டும் முதன்மையான பாடம் இதுவே. காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆகிய ஊர்ப்பெயர்கள் இப்பாடத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள். அவை கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகின்றன.

குறிப்புரையின் தோற்றம்

மூலநிரலில் இரண்டு வகை எழுத்து உண்டு. ஒன்று கணினிக்கு இடப்படும் கட்டளை. மற்றொன்று, அந்தக் கட்டளை எதற்காக எழுதப்பட்டது என்று அடுத்து வரும் நிரலாளருக்குச் சொல்லும் குறிப்புரை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், குறிப்புரையைக் கண்டதும் தாண்டிச் சென்றுவிடும்.

1957-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலேயே இவ்வசதி இருந்தது. நிரல்கள் துளையட்டைகளில் எழுதப்பட்ட காலம் அது. அட்டையின் முதல் நிரையில் 'சி' என்ற எழுத்து இருந்தால் அந்த அட்டை முழுவதும் குறிப்புரையாகக் கொள்ளப்பட்டது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் உருவான சி மொழி, /* என்று தொடங்கி */ என்று முடியும் முறையைப் பரவலாக்கியது. இரட்டைச் சாய்கோட்டு முறை பிசிபிஎல் மொழியில் தோன்றி, சி++ வழியாக 1999-ஆம் ஆண்டின் சி தரத்துக்குள் வந்தது. பைத்தான் போன்ற மொழிகள் # குறியைப் பயன்படுத்துகின்றன.

கட்டளையில் ஓர் எழுத்து தவறினால் பெரும்பாலும் கம்பைலர் நின்றுவிடும். நிரலாளர் உடனே திருத்தியாக வேண்டும். குறிப்புரையில் எத்தனை பிழை இருந்தாலும் நிரல் ஓடும். அதனால்தான் மூலநிரலில் எழுத்துப்பிழைகள் மிகுதியாகத் தங்கும் இடமாகக் குறிப்புரை ஆனது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பல நாட்டு நிரலாளர்கள் ஆங்கிலத்திலேயே குறிப்பு எழுத நேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

சொற்பிழை திருத்திகள்

எழுத்துப்பிழையைக் கணினியே கண்டுபிடிக்கும் முயற்சி 1960-களில் தொடங்கியது. 1971-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கோரின் எழுதிய நிரல், பிழையைக் காட்டியதோடு சரியான சொல்லையும் பரிந்துரைத்தது. பின்னாளில் யுனிக்ஸ் கணினிகளில் பரவிய இஸ்பெல் இதன் வழிவந்தது.

1975-ல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீவ் ஜான்சன் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு 'ஸ்பெல்' என்ற சிறு நிரலை எழுதினார். டக் மெக்கல்ராய் அதை மேம்படுத்தினார். அக்காலக் கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவக இடம் 64 கிலோபைட் மட்டுமே. அதற்குள் ஏறத்தாழ 30,000 சொற்களைச் சுருக்கி அடைத்தது அவருடைய சாதனை. முன்னொட்டு, பின்னொட்டுகளைக் கழித்துவிட்டு வேர்ச்சொல்லை மட்டும் பட்டியலில் தேடுவது அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்று.

அகராதியில் இல்லாத சொல்லெல்லாம் பிழை என்னும் இந்த அணுகுமுறை கட்டுரைகளுக்குப் பொருந்தியது, மூலநிரலுக்குப் பொருந்தவில்லை. நிரலில் மாறிகளின் பெயர்கள், சுருக்கங்கள், கருவிகளின் பெயர்கள் என அகராதிக்கு வெளியே உள்ள சொற்களே அதிகம். பொய்யான எச்சரிக்கைகள் குவிந்தால் யாரும் அவற்றைப் பார்க்கமாட்டார்கள். ஆகவே பிற்காலக் கருவிகள் முறையைத் தலைகீழாக்கின. சரியான சொற்களின் அகராதியை விட்டுவிட்டு, மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டன. பட்டியலில் உள்ள பிழை கண்ணில் பட்டால் மட்டும் எச்சரிக்கும், மற்றவற்றை விட்டுவிடும். லூக்காஸ் டி மார்க்கி உருவாக்கிய 'கோட்ஸ்பெல்' இவ்வகையைச் சேர்ந்தது. அதன் பட்டியலுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் பயனர்கள் தொகுத்த வழக்கமான பிழைகளின் பட்டியல் அடிப்படையானது.

லினக்ஸ் கருவில் திருத்தம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ் கரு, உலகெங்கும் உள்ளவர்கள் கூடி எழுதும் நிரல். இதில் குறிப்புரைத் திருத்தத்துக்கெனத் தனி ஒழுங்கே உருவானது. சிறு திருத்தங்களுக்கு 'டிரிவியல்', அதாவது அற்பமானவை, என்ற தனி வழி இருந்தது. எவை அவ்வழியில் வரலாம் என்று கருவின் ஆவணம் பட்டியலிட்டது. ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைத் திருத்தம் அதில் ஒன்று. 'கிரெப்' தேடலைக் கெடுக்கக்கூடிய எழுத்துப்பிழைகளின் திருத்தம் மற்றொன்று.

இந்த இரண்டாவது விதி முக்கியமானது. கிரெப் என்பது கோப்புகளில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடித்தரும் யுனிக்ஸ் கட்டளை. பல லட்சம் வரிகள் உள்ள நிரலை யாரும் முழுமையாகப் படிப்பதில்லை, தேடித்தான் படிக்கிறார்கள். குறிப்புரையில் சொல் தவறாக இருந்தால், அந்தக் குறிப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். அழகுக்காக அன்றி, கண்டுபிடிக்கப்படுவதற்காகவே எழுத்துப்பிழை திருத்தப்படுகிறது என்பதை இவ்விதி தெளிவாக்கியது.

2011 மார்ச் இறுதியில் கோட்ஸ்பெல் கண்டெடுத்த பிழைகளைக் கையால் சரிபார்த்து, கருவின் பல பகுதிகளையும் ஒரே நேரத்தில் தொட்ட பெரிய திருத்தம் ஒன்று சேர்க்கப்பட்டது. 2014-ல் கருவின் சரிபார்ப்புக் கருவியுடன் பிழைப் பட்டியல் ஒன்றும் இணைந்தது. டெபியன் திட்டத்தின் லின்டியன் கருவியிலிருந்து பெறப்பட்ட அப்பட்டியலில், இடப்புறம் பிழை, நடுவில் இரண்டு நேர்கோடுகள், வலப்புறம் சரியான சொல் என்று ஒவ்வொரு வரியும் அமைந்துள்ளது. அதன்பின் பிழையைப் பின்னர் தேடித் திருத்துவதோடு, உள்ளே நுழையும்போதே தடுப்பதும் இயன்றது.

கணினி படிக்கும் குறிப்புரைகள்

குறிப்புரையைக் கணினி படிப்பதில்லை என்பது பொது விதி. அதற்கு விலக்குகளும் உண்டு. யுனிக்ஸ் நிரல்களின் முதல் வரியில் #! என்று தொடங்குவது மொழிக்குக் குறிப்புரை, இயங்குதளத்துக்கோ கட்டளை. ஜாவாடாக், டாக்ஸிஜன் போன்ற கருவிகள் குறிப்புரைகளிலிருந்தே பயனர் கையேட்டைத் தயாரிக்கின்றன.

தமிழில் நிரல் எழுதியவர்களுக்கு இவற்றுள் நன்கு அறிமுகமானது பைத்தான் மொழியின் குறியேற்ற வரி. பைத்தான் 2 காலத்தில், ஆங்கில எழுத்தல்லாத ஓர் எழுத்து நிரலில் இருந்தால், அது குறிப்புரைக்குள் இருந்தாலும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அதைத் தவிர்க்க முதல் அல்லது இரண்டாம் வரியில் கோப்பின் குறியேற்றத்தை ஒரு குறிப்புரையாக எழுத வேண்டும். அந்த ஒரு குறிப்புரையில் எழுத்துப்பிழை நேர்ந்தால் தமிழில் எழுதிய மற்ற எல்லாக் குறிப்புரைகளும் நிரலை நிறுத்திவிடும். 2008-ல் வெளிவந்த பைத்தான் 3, யுடிஎஃப்-8 முறையை இயல்பாகவே ஏற்றுக்கொண்டதால் இந்தத் தொல்லை நீங்கியது.

வாகனத் துறையிலும் குறிப்புரை கவனத்துக்குரியது. பிரிட்டனின் வாகன மென்பொருள் நம்பகத்தன்மைச் சங்கம் 1998-ல் வெளியிட்ட 'மிஸ்ரா சி' நெறிமுறைகள், வாகனங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சி மொழியில் பாதுகாப்பாக எழுதுவதற்கானவை. ஒரு குறிப்புரைக்குள் இன்னொரு குறிப்புரையின் தொடக்கக் குறி வரக்கூடாது என்பது அவற்றுள் ஒரு விதி. இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புரை வரியின் முடிவில் பின்சாய்கோடு இட்டு அடுத்த வரியை இணைக்கக் கூடாது என்பது 2012 பதிப்பில் உள்ள மற்றொரு விதி. அப்படி இட்டால் அடுத்த வரியில் உள்ள கட்டளையும் குறிப்புரையாகிக் காணாமல் போய்விடும். அது பிரேக் தொடர்பான கட்டளையாக இருந்தால் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை.

திருத்த முடியாமற்போன பிழைகள்

பிழை பெயராகவே நிலைத்துவிட்டதற்குப் புகழ்பெற்ற சான்று, இணைய நெறிமுறையில் உள்ள 'ரெஃபரர்' என்ற புலம். ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று உலாவி வழங்கிக்குச் சொல்லும் புலம் இது. பிலிப் ஹாலம்-பேக்கரின் முன்மொழிவில் இச்சொல்லில் இரண்டு 'ஆர்' இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945 ஆவணத்தில் அது அப்படியே இடம்பெற்றது. அதற்குள் உலாவிகளும் வழங்கிகளும் அந்தத் தவறான எழுத்துக்கூட்டலை எதிர்பார்த்தே எழுதப்பட்டுவிட்டன. பிற்பாடு உருவான அதே தொடர்பான கொள்கைப் புலத்தின் பெயர் சரியான எழுத்துக்கூட்டலில் அமைந்தது. இன்று இரண்டும் அருகருகே புழங்குகின்றன.

யுனிக்ஸில் கோப்பை உருவாக்கும் கட்டளையின் பெயரில் ஆங்கிலச் சொல்லின் கடைசி 'இ' இல்லை. யுனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்ற கேள்விக்கு, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் சொன்னதாகப் பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் தம் நூலில் பதிவு செய்துள்ளனர். சேர்ப்பது ஓர் எழுத்துத்தான். ஆனால் அப்பெயரை அழைக்கும் ஒவ்வொரு நிரலும் உடைந்துபோகும்.

ஒருங்குறியும் தமிழும்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறித் தரத்திலும் இதே நிலைதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அத்தரத்தின் உறுதி. 2005-ல் வந்த 4.1 பதிப்பில் ஓர் அடைப்புக்குறியின் பெயரில், அடைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டன. பெயரைத் திருத்த முடியாததால், சரியான வடிவம் மாற்றுப்பெயராக அருகில் சேர்க்கப்பட்டது.

தமிழ்ப் பகுதி 1991-ல் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தை அது பின்பற்றியதால், தமிழின் ஆய்த எழுத்துக்கு 'விசர்க்கம்' என்ற வடமொழிக் குறியின் பெயரே கிடைத்தது. ஆய்தம் வேறு, விசர்க்கம் வேறு என்பது தமிழ் இலக்கணம் படித்த பள்ளி மாணவருக்கும் தெரியும். எனினும் பெயர் மாறவில்லை. 'ஆய்தம்' என்பது விளக்கக் குறிப்பாக மட்டும் உடன் அச்சிடப்படுகிறது. ஓர் எழுத்தின் பெயரைத் திருத்த முடியாதபோது, குறிப்புரையே உண்மையைத் தாங்குகிறது.

இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும்

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூர் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் இருங்காட்டுக்கோட்டை. சிப்காட் தொழிற்பூங்காவும், 1998-ல் சான்ட்ரோ காருடன் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலையும் இவ்வூரை உலக முகவரிப் பட்டியல்களுக்குள் கொண்டுசென்றன. அருகில் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் மின்னணு, வாகன உற்பத்தி மையங்களாக வளர்ந்தன. ஊர்ப்பெயர், சரக்குச் சீட்டு, ஊழியர் பதிவேடு, வரைபடம், வேலைவாய்ப்பு விளம்பரம் எனப் பல தரவுத்தளங்களுக்குள் நுழைந்தது இதன் விளைவு.

இப்பெயரை எழுதும்போது மூன்று இடங்களில் வேறுபாடு தோன்றுகிறது.

முதலாவது, தமிழ்ப் புணர்ச்சி. 'காடு' என்ற நெடில்தொடர்க் குற்றியலுகரம் வருமொழியோடு சேரும்போது டகரம் இரட்டித்துக் 'காட்டு' ஆகிறது; பின் 'கோட்டை'யின் வல்லினம் மிகுந்து 'காட்டுக்கோட்டை' என வருகிறது. இடையிலுள்ள ககர ஒற்றை விட்டு எழுதுவது பலர் செய்யும் பிழை. வழக்கமான பிழைகளின் பட்டியலைக் கொண்டு இதைப் பிடிப்பது ஆங்கிலத்தைப் போல எளிதன்று. இருங்காட்டுக்கோட்டையில், இருங்காட்டுக்கோட்டைக்கு, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து என ஒவ்வொரு வேற்றுமையும் புதுச்சொல்லாகத் தோன்றும். இதனால்தான் தமிழில் பெயர், வினைத் திரிபுகளைப் பகுத்தறியும் கருவிகள் தேவைப்பட்டன. நீச்சல்காரன் உருவாக்கிய சந்திப்பிழை திருத்தியான நாவி, எழுத்துப்பிழை திருத்தியான வாணி ஆகியவை இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

இரண்டாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். சிப்காட் நிறுவனம் 'இரு' என்பதன் ரகரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தைப் பயன்படுத்துகிறது. ஹூண்டாயின் பதிவு அலுவலக முகவரியில் அதே ரகரத்துக்கு இரண்டு எழுத்துகள் உள்ளன. இரண்டும் ஒரே ஊர் என்று அஞ்சல்காரருக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் நிரலுக்கு அவை வெவ்வேறு ஊர்கள். ரெஃபரர் புலத்தில் ஓர் 'ஆர்' குறைந்ததும், இங்கு ஓர் 'ஆர்' கூடியதும் தன்மையில் ஒன்றே. எது சரி என்று முடிவுசெய்வது எளிது. ஆனால் எழுதப்பட்டுவிட்ட ஆவணங்கள் அனைத்தையும் மாற்றுவது எளிதன்று.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'கோ' என்ற எழுத்தை ஒருங்குறியில் ககரத்துடன் ஓகாரக் குறியைச் சேர்த்து எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே அறிவித்திருப்பதால், 'இயல்பாக்கம்' என்ற செயல்முறையைக் கையாளும் எந்த நிரலும் இருங்காட்டுக்கோட்டையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்து தொடக்கத்தில், பதின்ம முறையில் 3000 என்ற எண் கொண்ட ஸகரத்தை வைத்து எழுதப்பட்டது. மேலே சொன்ன அதே 4.1 பதிப்பில், 2998 என்ற எண்ணில் 'ஶ' என்ற எழுத்து தமிழுக்குச் சேர்க்கப்பட்டது. அதன்பின் 'ஶ்ரீ' என்று அதைக் கொண்டு எழுதுவதே பொருத்தமானதாகக் கொள்ளப்பட்டது. பழைய விசைப்பலகைகளும் ஆவணங்களும் மாறவில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தெரிவதால் பிழை இருப்பதே தெரியாது. இவை சமம் என்று தரம் அறிவிக்காததால் இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. ஒரு வடிவில் தேடுபவருக்கு மற்ற வடிவில் உள்ள பதிவு கிடைக்காமல் போகலாம். இராமானுசர் பிறந்த ஊரைப் பற்றிய கட்டுரையைத் தேடும் மாணவருக்கும், தொழிற்சாலை வேலைக்கான அறிவிப்பைத் தேடும் இளைஞருக்கும் இழப்பு ஒன்றே. 'திருப்பெரும்புதூர்' என்ற தமிழ் வடிவம் இச்சிக்கலிலிருந்து தப்புகிறது. ஆனால் அது தேடலில் மூன்றாவது பெயராகிவிடுகிறது.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒட்டுமொத்தமாகத் திருத்தும் முயற்சி ஒன்றும் நடந்தது. தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய ஆணை 2020 ஜூன் மாதம் வெளியானது. புதிய எழுத்துக்கூட்டல்கள் குறித்து விமர்சனங்கள் எழுந்தன. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயராகிவிட்ட எழுத்துக்கூட்டலை மாற்றுவதன் கடினத்தை இந்நிகழ்வு காட்டியது.

திருத்தத்தின் பயனும் செலவும்

குறிப்புரைப் பிழையைத் திருத்துவது, கட்டற்ற மென்பொருள் உலகில் புதியவர்கள் நுழையும் வாசலாக இருந்துவந்துள்ளது. நிரல் முழுவதையும் புரிந்துகொள்ளாமலேயே ஒரு மாணவர் திருத்தத்தைத் தயாரிக்கவும், அனுப்பவும், பிறர் கருத்தை ஏற்று மாற்றவும் இதன்வழி கற்கிறார்.

செலவும் உண்டு. ஒவ்வொரு திருத்தத்தையும் யாரேனும் படித்துப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில், டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் சட்டைப் பரிசுக்காகப் பொருளற்ற சொல்மாற்றங்கள் திட்டங்களில் குவிந்தன. பராமரிப்பாளர்கள் முறையிட்டதால், விரும்பும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கலாம் என்று சில நாட்களிலேயே விதி மாற்றப்பட்டது. இன்னொரு செலவு, நிரலின் வரலாறு மறைவது. ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று கிட் கருவி காட்டும்போது, கட்டளையை எழுதியவர் பெயருக்குப் பதில் எழுத்தைத் திருத்தியவர் பெயர் வந்துவிடும். 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பு, இத்தகைய திருத்தங்களைக் கணக்கில் கொள்ளாமல் தாண்டிச் செல்லும் வசதியைத் தந்தது.

இன்றைய நடைமுறை

இவ்வரலாற்றிலிருந்து சில வழக்கங்கள் நிலைபெற்றுள்ளன. குறிப்புரைத் திருத்தமும் கட்டளை மாற்றமும் ஒரே திருத்தத்தில் கலக்கப்படுவதில்லை. கருவி காட்டும் பிழையை மனிதர் பார்த்த பின்னரே மாற்றுகின்றனர். பிற நிரல்கள் பயன்படுத்தும் பெயரில் பிழை இருந்தால், சரியான பெயரைச் சேர்த்துவிட்டுப் பழையதையும் சில காலம் இயங்கவிடுகின்றனர்.

ஊர்ப்பெயர்களுக்கும் இதே தீர்வு பொருந்தும். 1972-ல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண்ணும், இந்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு சிற்றூருக்கும் வழங்கும் எண்ணும் எழுத்துக்கூட்டலைச் சார்ந்தவை அல்ல. தரவுத்தளம் ஊரை எண்ணால் அடையாளம் கண்டு, பெயரை மனிதருக்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். விக்கிப்பீடியாவின் வழிமாற்றுப் பக்கங்கள், தவறான பெயரில் தேடுபவரையும் சரியான கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கின்றன. இருங்காட்டுக்கோட்டையின் ககர ஒற்றும் ஸ்ரீபெரும்புதூரின் முதலெழுத்தும் பிழையின்றி எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதாதவரின் தேடலும் வீணாகாதபடி நிரல் அமைய வேண்டும்.